ஒன்பதுக்கு ஒரு சுற்று

ஷெல்பி கிரான்ட்ஸ் முதன்முதலாக அந்தத் துப்பாக்கிப் பட்டறைக்குள் நுழைந்து கேட்டது இருபத்தெட்டு அங்குலக் குழல். அந்தப் பேச்சை அவள் வரிசை மாறாமல் இன்றும் சொல்வாள்.

"இருவத்தெட்டா?" என்றார் டுவேன் ஆஸ்ட்பி. கடைசல் இயந்திரத்தை அவர் நிறுத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஆமா. ஏழு மில்லிமீட்டர் மேக்னம் தோட்டாவுக்கு அதுதான் நல்லதாம். இன்டர்நெட்ல போட்டிருக்காங்க."

"அவங்க எதுல ஏறி வேட்டைக்குப் போறாங்களாம்?"

ஷெல்பி தோளைக் குலுக்கினாள்.

"சரி, நீ எதுல போற?"

"குதிரையில. மாமனாரோடது. கிழடு."

"துப்பாக்கி எங்க இருக்கும்?"

"சேணத்துல, என் காலுக்கு அடியில. இறங்கி நடக்கும்போது தோள்ல."

இயந்திரம் நின்றது. டுவேன் மூலையிலிருந்து ஒரு தகர வாளியைத் தூக்கிவந்தார். அதில் துடைப்பக் கட்டைகள், இருபது அங்குலத்திலிருந்து இருபத்தெட்டு வரை இரண்டிரண்டு அங்குலம் கூட்டி அறுத்து, நுனியில் எண் எழுதியவை. மரத்தில் செதுக்கிய ஒரு பொய்த் துப்பாக்கியில் இருபத்தெட்டைச் செருகி அவள் கையில் கொடுத்தார்.

"பின்னால புதர் இருக்கு. இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வா."

"விளையாடுறீங்களா?"

"குழல் வேணும்னு வந்தது நீ."

கொல்லையில் வில்லோவும் காட்டுச் செர்ரியும் ஆளுயரத்துக்குப் பின்னிக் கிடந்தன. போகும்போது கட்டை மூன்று இடத்தில் மாட்டியது. திரும்பும்போது ஒரு கிளை அவள் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டது. சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல், "டுவேன்! இன்னிக்கு யாரு மாட்டினது? இந்த சர்க்கஸுக்கு டிக்கெட் வை, நான் வாசல்ல உக்காந்து கிழிக்கிறேன்!" என்றது. அது அவர் மனைவி ஆர்டித்.

இருபத்திரண்டை மாட்டிக்கொண்டு போனபோது ஒரு இலைகூட உதிரவில்லை.

"இதையே போடுங்க," என்றாள் ஷெல்பி, முடியிலிருந்து சுள்ளியை எடுத்துக்கொண்டே.

"போடலாம். மேக்னத்துல வெடிமருந்து ஜாஸ்தி. அது எரிஞ்சு தீரக் குழல்ல இடம் வேணும். கட்டையா வெட்டினா குண்டு முன்னாடியே வெளிய ஓடிரும், மிச்ச மருந்து குழல் வாயில எரியும். சத்தம் காதைப் பிளக்கும், நெருப்பு கண்ணைப் பறிக்கும். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு வாணம் விடணும்னா ரொம்ப நல்லா இருக்கும்."

"அப்ப இருவத்தினாலு."

"நீயே சொல்லிட்ட. இதைத்தான் நானும் சொல்லியிருப்பேன், ஆனா நீ கேட்டிருக்க மாட்ட. சரி, என்ன குண்டு?"

"செம்பு. ஈயம் வேணாம். வீட்டுல ரெண்டு வாண்டுங்க இருக்கு. அதுங்க திங்கிறது இந்தக் கறிதான்."

டுவேன் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "செம்பு லேசு. ஈயத்தோட எடைக்குக் கொண்டுவரணும்னா குண்டு நீளமாயிரும். நீளமான குண்டை வேகமாச் சுழட்டி விடணும். இல்லன்னா பாதி வழியில தலைகுப்புறக் கவுந்துரும். ஒம்பது இஞ்சுக்கு ஒரு சுத்து வர்ற மாதிரி உள்ள புரி வெட்டிடுறேன்."

"எட்டுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தாங்களே?"

"இருவத்தெட்டு இஞ்சுன்னு சொன்ன அதே ஆளுங்களா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"எட்டும் வெட்டலாம்," என்றார் டுவேன். "எதுக்கு? வேண்டியதுக்கு மேல சுத்தினா குண்டுல இருக்கிற துளிக் கோணலும் பெருசாத் தெரியும். ஒம்பது போதும்."

அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

'போதும்' என்பது டுவேனின் சொல். வயோமிங்கின் அந்த மலையூரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அந்தச் சொல்லையும் தெரியும். எல்லாவற்றையும் தேவைக்குச் சரியாக, ஒரு மயிரிழைகூட மிஞ்சாமல் வைத்துக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். காப்பி இரண்டு பேருக்கென்றால் இரண்டே கோப்பைக்குத்தான் தண்ணீர் வைப்பார். தேவாலயத்தின் பொதுவிருந்துக்கு இறைச்சி உருண்டை கொண்டுபோனால், முந்தின நாளே பாதிரியாருக்குப் போன் போட்டு எத்தனை தலை என்று கேட்டுக்கொள்வார். குளிர்காலத்துக்கு அவர் அடுக்கும் விறகு ஏப்ரல் கடைசியில் கடைசிக் கட்டையோடு தீரும். ஒரு வருஷம் மே மாதத்தில் மூன்று நாள் பனி கொட்டியது. அந்தக் கதையை ஆர்டித் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

"முக்காலி ரெண்டு, பழைய ஏணி ஒண்ணு. அத்தனையும் எரிச்சோம். மூணாம் நாள் இந்த மனுஷன் என் பியானோ பெஞ்சையே பாத்துக்கிட்டு இருக்காரு. இத மட்டும் தொட்டா உன்னைத்தான் அடுப்புல வைப்பேன்னு சொன்னேன்."

"பெஞ்சைத் தொடலையே," என்பார் டுவேன். "பனி நின்னுருச்சு. விறகு சரியா இருந்துச்சு."

"ஏணியோட சேர்த்துச் சரியா இருந்துச்சு!"

கஞ்சத்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. ஷெல்பியின் கணவன், கோடி என்பவன், எரிவாயுக் கிணற்று வேலைக்குப் போய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு திரும்புவான். ஒரு ஜனவரியில் அவன் இல்லாத நாளில் வீட்டின் சூடேற்றி நின்றுபோனது. பள்ளிப் பேருந்து ஓட்டப் போன இடத்தில் ஷெல்பி யாரிடமோ அதைச் சொல்லியிருந்தாள். மதியம் டுவேன் வந்து நின்றார். கையில் பெட்டி இல்லை, சட்டைப்பையில் ஒரு சின்ன உதிரிப் பாகமும் ஒரு திருப்புளியும் மட்டும். இருபது நிமிஷத்தில் வீடு சூடானது. "வேற ஏதாவது கெட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "நிக்கிறதுக்கு முன்னாடி என்ன சத்தம் போட்டுச்சுன்னு நீ சொன்னதை வந்து சொன்னாங்களே. இதுதான்னு தெரியும்," என்றார். காப்பி வேண்டுமா என்றாள். ஏற்கெனவே குடித்தாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

துப்பாக்கி ஆகஸ்டில் தயாரானது. பட்டறைக்குப் பின்னால் மேசை போட்டு, நூறு கஜம் தள்ளிக் காகிதம் கட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரம், நல்ல வெயில், ஆர்டித் கலந்து கொடுத்த எலுமிச்சைச் சாறு. ஷெல்பி மூன்று முறை சுட்டாள். மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, காசு வைத்து வரைந்த மாதிரி வட்டமாக இருந்தன. டுவேன் காகிதத்தைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினார். "ஒம்பது போதும்னேனா?"

போதுமாகத்தான் இருந்தது. அந்த அக்டோபரில் ஷெல்பி ஒரு எல்க் மானை ஒரே தோட்டாவில் சாய்த்தாள். அடுத்த அக்டோபரிலும் அப்படியே. இரண்டு குளிர்காலமும் உறைபெட்டி நிறையக் கறி இருந்தது. அவள் வீட்டில் கடையில் மாட்டிறைச்சி வாங்குவது பிறந்தநாளுக்கு மட்டும்தான்.

மூன்றாம் வருஷம் வேட்டை அனுமதிக் குலுக்கலில் அவளுக்கு அக்டோபர் விழவில்லை. டிசம்பர் அனுமதிதான் கிடைத்தது. மலையில் அல்ல, கீழே வெகுதூரம் இறங்கி, ஆற்றோரத்துச் சமவெளியில். எல்க் கூட்டங்கள் பனிக்குத் தப்பி அங்கேதான் வந்து சேரும். ஊரைவிட மூவாயிரம் அடி தாழ்வான இடம். அந்த வாரம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.

இருநூறு கஜத்தில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. ஷெல்பி பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை விட்டு, சுட்டாள். எல்க் முன்காலை மடித்தது, எழுந்தது, வில்லோக்களுக்குள் போய் மறைந்தது. இரத்தம் இருந்தது, ஆனால் கொஞ்சம். அன்று முழுவதும் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு மறுநாளும் நடந்தாள். அன்று மதியம் பனி பெய்யத் தொடங்கித் தடம், இரத்தம் எல்லாவற்றையும் மூடியது. அந்த எல்க் எங்கோ படுத்து, மெல்ல மெல்லச் செத்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். மான் கிடைத்தால் கிழிக்க வேண்டிய அனுமதிச் சீட்டைக் கிழிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டாள். பிள்ளைகள் கேட்டதற்கு, "அம்மா தப்பாச் சுட்டுட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரியில் துப்பாக்கியை உறையோடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

"இதை நல்ல ஆளாப் பாத்துக் குடுத்திருங்க," என்றாள்.

"ஏன்? தோள்ல உதைக்குதா?"

"இல்ல. நான் இனிமே சுடப் போறதில்ல." நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். எதையும் நீட்டிப் பேசுவது அவள் வழக்கமல்ல. "கை நடுங்கியிருக்கு. எனக்கே தெரியாம நடுங்கியிருக்கு. அப்படிப்பட்ட கையால இன்னொரு உயிரைத் தொட மாட்டேன். இனிமே கறியைக் கடையில வாங்கிக்கிறோம்."

"எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கிறதுதான், ஷெல்பி. எனக்கும் ரெண்டு தடவை நடந்திருக்கு."

"கோடியும் அதான் சொன்னான். மாமனாரும் சொன்னாரு. எல்லாருக்கும் நடக்கட்டும். எனக்கு வேணாம்."

டுவேன் உறையைத் திறந்து குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. "போறதுக்கு முன்னாடி சரிபாத்தியா? குறி தப்பாம இருக்கான்னு?"

"பாத்தேன். அங்க போய் இறங்கினதும் தீவன அட்டைப்பெட்டி மூடியை நிறுத்தி ஒண்ணு சுட்டேன். நடுவுலதான் பட்டுச்சு. துளைதான் கொஞ்சம் நீளமாக் கிழிஞ்சிருந்துச்சு. குளிர்ல அட்டை விறைச்சுப்போயிருந்துச்சு இல்லையா."

"நீளமான்னா?"

"இவ்வளவு." விரலால் காட்டினாள். "சாவித் துவாரம் மாதிரி."

 டுவேன் விளக்கை அணைத்தார். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் போய்வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆர்டித்தான் ஷெல்பிக்குச் சொன்னாள். இரவுச் சாப்பாட்டை டுவேன் பாதியில் வைத்துவிட்டார். தட்டில் ஒரு பருக்கை விடாத மனுஷர். மறுநாள் விடிவதற்குள் காகிதமும் சட்டமும் அந்தத் துப்பாக்கியும் எடுத்துக்கொண்டு வண்டியில் கீழே போனார். ஆர்டித் வாசலில் நின்று, "ஏய்யா, வெளிய இருவத்திரெண்டு டிகிரி கீழ! சாகப் போறியா?" என்று கத்தினாள். "அதுக்குத்தான் போறேன்," என்றார். சாவதற்கா, குளிருக்கா என்று கேட்பதற்குள் வண்டி தெரு திரும்பிவிட்டது.

ஷெல்பி காலைச் சுற்றை முடித்துப் பேருந்தைக் கொட்டகைக்குள் நிறுத்தியபோது அவர் அங்கே நின்றார். புருவத்தில் பனி. கையில் சுருட்டிய காகிதம். அடுப்பைச் சுற்றிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்களில் ஹெர்ஷல் என்பவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"என்ன டுவேன், நாலாம் வகுப்புல மறுபடி சேரப் போறியா? பஸ் மூணரைக்குத்தான்."

டுவேன் அவரைக் கவனிக்கவில்லை. நேராக வந்து, பேருந்தின் முன்மூடிமேல் காகிதத்தை விரித்தார். அதில் இரண்டு துளைகள். இரண்டும் நீளமானவை. ஒரு குண்டைப் படுக்கவைத்துச் சுற்றி வரைந்த மாதிரி.

"உன் துப்பாக்கி," என்றார். "இன்னிக்குக் காலையில. ஆத்தோரத்துல, நீ நின்ன இடத்துக்குப் பக்கத்துல."

"காகிதம் கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. குண்டு படுத்துக்கிட்டுப் போயிருக்கு. மூணு சுட்டேன். ரெண்டு இப்படி. மூணாவது காகிதத்துலயே இல்ல." காகிதத்தின் முனையை அழுத்திப் பிடித்தார். "குளிர்ல காத்து கெட்டியாயிரும். பள்ளத்துல இன்னும் கெட்டி. அந்தக் காத்தைத் துளைச்சுக்கிட்டு நேராப் போக ஒம்பதுக்கு ஒரு சுத்து பத்தல. மேல, ஆகஸ்ட்ல, காத்து லேசு. அக்டோபர்ல மலையிலயும் தாங்குச்சு. குண்டு விளிம்புல நடக்கிற மாதிரி நடந்திருக்கு இத்தனை நாளும். கீழ போனதும் விழுந்துருச்சு."

 ஹெர்ஷல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"உன் கை நடுங்கல, ஷெல்பி. என் குழல்தான்."

அவள் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஐந்து வாரமாக அவள் ஒவ்வொரு இரவும் அந்த ஒரு கணத்துக்குத் திரும்பிப் போய், தன் தோள், தன் மூச்சு, தன் விரல் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாள். நிம்மதி வரும் என்று பார்த்தால் முதலில் வந்தது கோபம்.

"ஏன் குளிர்ல சுட்டுப் பாக்கல?" என்றாள்.

"குளிருமே."

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஷெல்பி சிரிக்கவில்லை. டுவேனும் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"ஆகஸ்ட்ல வெளிய உக்கார சுகமா இருந்துச்சு. துளை வட்டமா இருந்துச்சு. எனக்கு அது போதும்னு தோணுச்சு. இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருந்தா வண்டியில வரும்போதே கண்டுபிடிச்சிருப்பேன். இல்ல."

"அந்த மான்?"

"அது என்னால."

அவள் பேருந்தில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். எஞ்சினை முடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டுவேன் காகிதத்தைச் சுருட்டாமல், உட்காராமல், ஹெர்ஷல் நீட்டிய காப்பியையும் வாங்காமல் நின்றார். புருவத்துப் பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை போலும். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவைத் திறந்தாள்.

"புதுக் குழல்ல எட்டா, ஏழரையா?"

"ஏழரை," என்றார் டுவேன்.

"போதுமா?"

"அந்த வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு என்கிட்ட கேக்காத."

புதுக் குழல் பிப்ரவரி நடுவில் தயாரானது. இருபத்தினாலு அங்குலத்தை மாற்றவில்லை. அதில் குற்றமில்லை. புரி மட்டும் ஏழரை அங்குலத்துக்கு ஒரு சுற்று. குளிர் குறையும் முன் சுட்டுப் பார்த்தாக வேண்டும் என்று ஷெல்பி பிடிவாதமாக இருந்தாள். ஒரு சனிக்கிழமைக் காலை, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு என்று வானொலி சொன்ன நாளில், இருவரும் ஆற்றோரத்துக்குப் போனார்கள். ஆர்டித் இரண்டு குடுவை காப்பி கொடுத்தனுப்பினாள். "ரெண்டு எதுக்கு?" என்று டுவேன் கேட்கவில்லை. அதை ஷெல்பி கவனித்தாள்.

பனிமேல் சாக்கை விரித்துப் படுத்துச் சுட்டாள். ஐந்து தோட்டா. காகிதத்தை எடுத்துவர எழுந்து போனாள். ஐந்தும் வட்டம். கையுறையைக் கழற்றி ஒவ்வொன்றின் விளிம்பையும் நகத்தால் சுற்றிப் பார்த்தாள். டுவேன் பின்னால் நின்று, "என்ன?" என்றார். அவருக்குக் கண் தெரியாமல் இல்லை. அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"வட்டம்," என்றாள்.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"இன்னும் அஞ்சு சுடு," என்றார் டுவேன்.

இன்னும் ஐந்து சுட்டாள். பிறகு இன்னும் ஐந்து. தோள் வலித்தது. துப்பாக்கி அவளுடையதுதான், விற்பனைக்கு அல்ல என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பும்போது அவள் அதைத் தன் பக்கத்தில், இருக்கைகளுக்கு நடுவே சாய்த்து வைத்துக்கொண்டாள்.

பட்டறைக்கு வந்தபோது ஆர்டித் சூப்பு ஊற்றி வைத்திருந்தாள். ஷெல்பி குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்தபோது, டுவேன் ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பென்சிலால் எழுதிய எட்டுப் பெயர்கள். எல்லாம் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள்.

"யாரு இவங்க?"

"செம்புக் குண்டுக்குன்னு கேட்டு, நான் ஒம்பது வெட்டிக் குடுத்தவங்க." விரலால் இரண்டு பெயர்களைத் தொட்டார். "இவரு போன வருஷம் வேட்டையை விட்டுட்டாரு. கண்ணு மங்கிப்போச்சுன்னு சொன்னாரு. இந்தப் பொண்ணு ரெண்டு மான் காயம்பட்டு ஓடிருச்சுன்னு துப்பாக்கியை அண்ணனுக்குக் குடுத்துட்டா. கண்ணோ, கையோ, எனக்கென்ன தெரியும்னு நானும் தலையாட்டினேன்."

ஆர்டித் கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடணும். எட்டுப் பேருக்கும்," என்றார் டுவேன். தொலைபேசியை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு ஷெல்பியைப் பார்த்தார். "நீ அவசரமாப் போகணுமா?"

"இல்ல."

"அப்ப இந்தப் பக்கம் உக்காரு. என் காலுக்குப் பக்கத்துல. ஆகஸ்டு, வெயிலு, லேசான காத்துன்னு நான் சாக்குச் சொல்ல ஆரம்பிச்சேன்னா, பூட்ஸோட நல்லா மிதி."